பாம்பன் கரையில் ஒரு மீன் கணக்கு: பைதான் நிரலைச் சொந்தக் கணினியில் உள்ள தரவுத்தளத்தோடு இணைத்தல்

சென்ற ஆண்டு வாடைக்காற்று வீசிய ஒரு மாலையில், மண்டபத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் மடிக்கணினியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவருடைய தந்தை பாம்பனில் படகுகளிடமிருந்து மீன் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர். துண்டுத் தாள்களில் எழுதப்படும் அன்றாடக் கொள்முதலைக் கணினியில் ஏற்றி, வாரக் கடைசியில் படகு வாரியாகக் கூட்டிக் காட்டும் ஒரு சிறு நிரலை எழுத மகன் முயன்றிருக்கிறார். "அண்ணே, மூணு வாட்டி அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணிட்டேன், அப்பவும் கனெக்ட் ஆக மாட்டேங்குது" என்றார். திரையில் 2003 என்ற எண்ணோடு ஒரு பிழைச்செய்தி நின்றது. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள சர்வர் (கேட்கும் நிரல்களுக்குத் தரவைக் கொடுக்கும் மென்பொருள்) அவருடைய கணினியில் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கவில்லை. பின்னணியில் ஓடும் மென்பொருள்களைக் காட்டும் சர்வீஸ் பட்டியலைத் திறந்து ஸ்டார்ட் என்பதை அழுத்தியதும் இணைப்பு கிடைத்துவிட்டது. மூன்று முறை அழித்துத் திரும்ப நிறுவியவர் ஒரு முறைகூட அந்தப் பிழைச்செய்தியை முழுதாகப் படித்திருக்கவில்லை.

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுவே என்பதால், இணைப்பு என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். பைதான் நிரல் தரவுத்தளத்தை அடைய வேண்டுமானால் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். தரவுத்தள சர்வர் எந்தக் கணினியில் இருக்கிறது? அந்தக் கணினியின் எந்த போர்ட்டில், அதாவது எந்த எண்ணுள்ள வாயிலில், அது காத்திருக்கிறது? உள்ளே வர முயல்கிறவர் யார், அவருடைய கடவுச்சொல் என்ன? எந்தத் தரவுத்தளத்தைத் திறக்க வேண்டும்? இந்த நான்கும் இதே வரிசையில்தான் சரிபார்க்கப்படுகின்றன. எந்தப் படியில் தவறு நேர்ந்ததோ அந்தப் படிக்குரிய எண்ணைப் பிழைச்செய்தி தருகிறது. 2003 வந்தால் முதல் இரண்டு கேள்விகளில் கோளாறு, அதாவது அந்தக் கணினியின் அந்த போர்ட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. 1045 வந்தால் சர்வர் பதில் சொல்லிவிட்டது, ஆனால் பெயரையோ கடவுச்சொல்லையோ ஏற்கவில்லை. 1044 அல்லது 1049 வந்தால் ஆளை ஏற்றுக்கொண்டது, தரவுத்தளத்தின் பெயரில்தான் சிக்கல். ஆகவே 1045ஐப் பார்த்தவுடன் சர்வரை மறுபடி நிறுவத் தொடங்குவது, கதவைத் திறந்து "நீ யார்?" என்று கேட்டவரிடம் பெயரைச் சொல்லாமல் வீட்டை இடித்துக் கட்டப் போவதற்கு ஒப்பாகும்.

இந்தக் கட்டுரையில் கட்டளைச் சொற்களையும் பெயர்களையும் தமிழ் ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடையில் சொல்லப்படும் புள்ளி, சிறுகோடு ஆகியவற்றோடு அப்படியே எழுத வேண்டும்; ட்ரூ என்பதன் முதல் எழுத்தும் என்எஃப்சி என்பதன் மூன்று எழுத்துகளும் மட்டும் பேரெழுத்தாக இருக்க வேண்டும்.

உண்மையிலேயே சர்வர் தேவையா?

ஒரே கணினி, அதில் கணக்கு எழுதுகிறவரும் ஒருவரே என்றால், மைஎஸ்க்யூஎல் தேவையே இல்லை என்பது என் கருத்து. பைதானுடன் 2006இல் வந்த 2.5 பதிப்பிலிருந்தே எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளம் சேர்ந்து வருகிறது; எஸ்க்யூலைட்3 என்ற மாட்யூலை இம்போர்ட் செய்து, கனெக்ட் என்ற செயற்கூறுக்கு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். சர்வர், போர்ட், கடவுச்சொல் ஆகிய எதுவும் அதற்கு வேண்டியதில்லை. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பாக இருக்கும். ஆனால் எடை போடும் இடத்தில் ஒரு மடிக்கணினியும் கணக்கு அறையில் ஒரு கணினியும் ஒரே நேரத்தில் எழுத வேண்டிய நிலை வந்தால், அந்தக் கோப்பை நெட்வொர்க்கில் பகிர்ந்துகொள்ளும் யோசனையைக் கைவிட வேண்டும். பகிரப்பட்ட கோப்புகளில் பூட்டும் முறை நம்பத்தக்கதாக இராததால், கோப்பே சிதைந்துபோகக்கூடும். அங்கேதான் சர்வர் தேவைப்படுகிறது. அந்த சர்வரும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கு அறையில் உள்ள அதே கணினியில் இருந்தால், கரையில் செல்போன் சிக்னல் போனாலும் கணக்கு நிற்காது.

இங்கே மைஎஸ்க்யூஎல்லை எடுத்துக்கொள்கிறேன். அதிலிருந்து பிரிந்து வளர்ந்த மரியாடிபிக்கும் கீழே சொல்வன பெரும்பாலும் பொருந்தும். போஸ்ட்கிரெஸ்எஸ்க்யூஎல் என்றால் போர்ட் எண் 3306க்குப் பதில் 5432 ஆகும். பைதான் அதனோடு பேச உதவும் நூலகத்தின் பெயரும் மாறும். இத்தகைய தரவுத்தளங்களுக்கான பைதான் நூலகங்கள் பெரும்பாலும் பெப் 249 என்ற பொதுவான வரையறையைப் பின்பற்றுவதால், இணைப்பு, கர்சர் (கட்டளையைக் கொண்டுபோய் விடையை வாங்கி வரும் கருவி), எக்ஸிக்யூட் (கட்டளையை இயக்குதல்), கமிட் (மாற்றத்தை நிலைப்படுத்துதல்) என்ற வரிசை அவற்றில் ஒன்றுதான்.

சர்வரை நிறுவி ஓட விடுதல்

விண்டோஸில் நிறுவும்போது மூன்று இடங்களில் மட்டும் நிதானமாகப் பாருங்கள். போர்ட் எண் 3306 என்றே இருக்கட்டும். எல்லா உரிமைகளும் உள்ள ரூட் பயனருக்கான கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, கணக்கு நோட்டுகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். விண்டோஸ் சர்வீஸாக, கணினி தொடங்கும்போது தானே ஓடும்படி அமைக்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு சர்வீஸ் பட்டியலைத் திறந்தால் மைஎஸ்க்யூஎல்80 என்பது போன்ற ஒரு பெயரும், அதற்கு எதிரே ரன்னிங் என்ற சொல்லும் தெரிய வேண்டும். ஏற்கெனவே ஸாம்ப் தொகுப்பை நிறுவியிருந்தீர்களானால், அதற்குள் இருக்கும் மரியாடிபியும் 3306ஐத்தான் கேட்கும். முதலில் எழுந்தது அந்த போர்ட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றது எழாமல் கிடக்கும். நீங்கள் உருவாக்கிய தரவுத்தளம் "காணாமல் போய்விட்டது" என்று தோன்றும் பல சமயங்களில், உண்மையில் நீங்கள் வேறொரு சர்வரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றை நீக்கிவிடுவதே நல்லது.

எங்கள் கரைக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், பல கணக்கு அறைகளில் கணினியையும் இரண்டு மாதம் மூடிவைத்துவிடுகிறார்கள். தடை முடிந்து முதல் படகு கரை திரும்பும் விடியற்காலையில்தான் சர்வீஸ் தானே தொடங்கும்படி அமைக்கப்படவில்லை என்பது தெரியவரும். ஜூன் 12 அல்லது 13ஆம் தேதியே கணினியைத் திறந்து ஒரு வரியை எழுதிப் பார்த்துவிடுங்கள்.

லினக்ஸில் நிறுவுவது எளிது; ஆனால் அங்கே வேறொரு குழப்பம் காத்திருக்கிறது. உபுண்டுவில் சூடோ மைஎஸ்க்யூஎல் என்று எழுதினால் கடவுச்சொல் கேட்காமலேயே உள்ளே விட்டுவிடும். அதே ரூட் பெயரைப் பைதானில் கொடுத்தால் 1698 என்ற எண்ணோடு மறுத்துவிடும். டெர்மினலில் முடிகிறது, நிரலில் முடியவில்லையே என்று திகைக்க வேண்டாம். அங்கே ரூட் பயனர் கடவுச்சொல்லால் அடையாளம் காணப்படுவதில்லை. கணினியில் யாராக உள்நுழைந்திருக்கிறீர்கள் என்பதை சாக்கெட் (ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) வழியாகப் பார்த்தே சர்வர் அனுமதிக்கிறது. இதற்கான தீர்வு ரூட்டை மாற்றியமைப்பதில் இல்லை. நிரலுக்கென்று தனிப் பயனரை உருவாக்குவதில் இருக்கிறது. விண்டோஸிலும் அதையே செய்ய வேண்டும்.

தரவுத்தளமும் பயனரும் அட்டவணையும்

ரூட்டாக ஒரே ஒரு முறை உள்ளே சென்று மூன்று வேலைகளை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். முதலாவது, மீன்கணக்கு என்ற பெயரில் ஒரு தரவுத்தளத்தை, எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்8எம்பி4 (தமிழ் எழுத்துகளையும் ஏற்பது) என்று குறிப்பிட்டு உருவாக்குவது. பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்க மைஎஸ்க்யூஎல் இடம் தருகிறது என்றாலும், ஒவ்வொரு கட்டளைக்கும் விசைப்பலகையை மாற்ற வேண்டிய தொல்லையை நினைத்து நான் ஆங்கில எழுத்திலேயே வைக்கிறேன். இரண்டாவது, கணக்கர் என்ற பயனரை உருவாக்குவது. மைஎஸ்க்யூஎல்லில் பயனர் என்பது வெறும் பெயரன்று, பெயரும் அவர் வரும் இடமும் சேர்ந்ததே ஒரு பயனர். எனவே கணக்கர் அட் லோக்கல்ஹோஸ்ட் என்று முழுதாக எழுத வேண்டும் (அட் என்பது @ குறி, லோக்கல்ஹோஸ்ட் என்பது இதே கணினி). அவருக்கு அந்தத் தரவுத்தளத்தில் மட்டும் செலக்ட் (படித்தல்), இன்சர்ட் (சேர்த்தல்), அப்டேட் (திருத்துதல்) ஆகிய உரிமைகளைக் கொடுத்தால் போதும். அழிக்கும் உரிமையைக் கொடுக்காதிருந்தால், நிரலில் பிழை இருந்தாலும் ஒரு மாத வரிகள் ஒரே கட்டளையில் அழிந்துவிடா.

மூன்றாவது, கொள்முதல் என்ற அட்டவணை. அதில் தானாக ஏறும் வரிசை எண், நாள், படகு, மீன், எடை, விலை என்று ஆறு பத்திகள் போதும். படகின் பதிவெண் இப்பகுதியில் ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கி எண்ணில் முடிவதால், அந்தப் பத்தி எழுத்து வகையாக, வார்கார் 30 என்று இருக்க வேண்டும். எடைக்கும் விலைக்கும் ஃப்ளோட் வகையைத் தேர்ந்துவிடாதீர்கள். பைதானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். நாள் முழுதும் கூட்டும்போது இத்தகைய துளிகள் சேர்ந்து, படகுக்காரரோடு கணக்குப் பார்க்கும் நேரத்தில் சில்லறை வித்தியாசமாக வெளிப்படும். டெசிமல் 8,2 (மொத்தம் எட்டு இலக்கம், அதில் இரண்டு புள்ளிக்குப் பின்) என்று கொடுத்தால், 12.40 கிலோ நகரை மீன் கிலோ 310 ரூபாய் வீதம் என்பது சரியாக 3,844.00 ரூபாயாகவே நிற்கும். அந்த மதிப்பு பைதானுக்குள்ளும் டெசிமல் வகையாகவே வரும். அதை ஃப்ளோட் எண்ணோடு பெருக்க முயன்றால் பைதான் மறுத்துவிடும். தொந்தரவாகத் தோன்றினாலும் அந்த மறுப்பு நன்மைக்கே.

நூலகம்

நிரலுக்கென்று ஒரு கோப்புறையைத் திறந்து, அதற்குள் பைதான் -எம் வென்வ் என்பதோடு ஒரு பெயரையும் சேர்த்த கட்டளையால் ஒரு மெய்நிகர் சூழலை (இந்த நிரலின் நூலகங்களைத் தனியே வைக்கும் இடத்தை) அமைத்து, அதை இயக்கிவிட்டு, பிப் இன்ஸ்டால் மைஎஸ்க்யூஎல்-கனெக்டர்-பைதான் என்று எழுதுங்கள். மூன்று சொற்களும் சிறுகோட்டால் இணைந்திருக்க வேண்டும். கடைசிச் சொல்லை விட்டுவிட்டால் அதே பெயர்ச் சாயலில் உள்ள ஒரு பழைய தொகுப்பு இறங்கிவிடும். அது மைஎஸ்க்யூஎல் 8.0இலிருந்து வழக்கமான புதிய கடவுச்சொல் முறையை அறியாததால், கடவுச்சொல் சரியாக இருந்தாலும் உள்ளே போக முடியாது.

நிறுவும்போது சிறுகோடு, இம்போர்ட் செய்யும்போது புள்ளி: மைஎஸ்க்யூஎல் புள்ளி கனெக்டர். இந்த இடத்தில் நான் ஒரு பிற்பகல் முழுவதையும் இழந்தேன். முதன்முதலாக இதைக் கற்றுக்கொண்டபோது, சோதனைக்காக எழுதிய கோப்புக்கு மைஎஸ்க்யூஎல் புள்ளி பிஒய் என்றே பெயரிட்டுவிட்டேன். இம்போர்ட் வரியை எட்டிய பைதான், நிறுவப்பட்ட நூலகத்தைத் தேடிப் போகாமல், அதே கோப்புறையில் அதே பெயரில் இருந்த என் கோப்பையே நூலகமாக எடுத்துக்கொண்டு, "மைஎஸ்க்யூஎல் ஒரு தொகுப்பு அல்ல" என்ற பொருளில் பிழை சொன்னது. நானோ நூலகத்தைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருந்தேன். கோப்புக்கு இணைப்புசோதனை என்பது போல வேறு பெயர் வையுங்கள்.

இணைப்பை உருவாக்குதல்

இப்போது நிரல். முதல் வரியில் மாட்யூலை இம்போர்ட் செய்யுங்கள். இரண்டாவது வரியில் கனெக்ட் செயற்கூறை அழைத்து, ஹோஸ்ட் 127.0.0.1, போர்ட் 3306, யூசர் கணக்கர், பாஸ்வேர்ட், டேட்டாபேஸ் மீன்கணக்கு என்ற ஐந்து மதிப்புகளைக் கொடுத்து, விடையை இணைப்பு என்ற மாறியில் வாங்கிக்கொள்ளுங்கள். போர்ட் எண்ணை மேற்கோள் குறிக்குள் இடாமல் எண்ணாகவே எழுத வேண்டும். மூன்றாவது வரியில் இணைப்பிடமிருந்து ஒரு கர்சரைப் பெறுங்கள். நான்காவது வரியில் கர்சரின் எக்ஸிக்யூட்டுக்கு செலக்ட் வெர்ஷன் என்ற சிறு வினவலைக் கொடுங்கள். வெர்ஷன் என்ற சொல்லை அடுத்து ஒரு திறப்பு அடைப்பும் ஒரு மூடு அடைப்பும் வர வேண்டும். ஐந்தாவது வரியில் ஃபெட்ச்ஒன் தரும் விடையை அச்சிடுங்கள். சர்வரின் பதிப்பு எண் திரையில் வந்துவிட்டால் நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது. அது வரும்வரை அட்டவணை, கூட்டுத்தொகை, அழகான திரை ஆகிய எதையும் எழுதத் தொடங்க வேண்டாம்.

127.0.0.1 என்பது எந்தக் கணினியில் நிரல் ஓடுகிறதோ அந்தக் கணினியையே குறிக்கும் முகவரி. லோக்கல்ஹோஸ்ட் என்பது அதன் பெயர். இது தெரிந்ததுதானே என்று கடந்துவிடாதீர்கள். மடிக்கணினியில் சர்வரை வைத்துவிட்டு, செல்போனில் உள்ள பைதான் செயலியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால், செல்போன் தனக்குள்ளேயே சர்வரைத் தேடும். டாக்கர் கண்டெய்னருக்குள் (கணினிக்குள் தனிக் கணினி போல இயங்கும் பெட்டிக்குள்) ஓடும் நிரலுக்கும் இதே கதிதான். அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்பது கண்டெய்னரையே குறிக்கும், அதைச் சுமக்கும் கணினியைக் குறிக்காது. "நான் இருக்கும் இடம்" என்று இரண்டு பேர் சொன்னால் அது ஓரிடமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

1045 வந்தால் அச்செய்தியின் கடைசிச் சொற்களைப் பாருங்கள். யூசிங் பாஸ்வேர்ட் என்பதற்குப் பின் யெஸ் என்றிருந்தால் கடவுச்சொல் அனுப்பப்பட்டது, ஆனால் பொருந்தவில்லை அல்லது அந்தப் பயனரே அங்கே இல்லை. நோ என்றிருந்தால் கடவுச்சொல் அனுப்பப்படவே இல்லை. இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் நல்ல பழக்கத்திலிருந்தே பிறக்கிறது: கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதாமல் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியே, டெர்மினலில் அமைக்கும் மதிப்பில்) வைத்து, நிரலில் அதைப் படிக்கிறோம், வேறொரு டெர்மினலைத் திறந்ததால் அந்த மாறி வெறுமையாகிவிடுகிறது. பழக்கத்தைக் கைவிட வேண்டாம், மாறி வெறுமையாக இருந்தால் தெளிவாகச் சொல்லிவிட்டு நிற்கும்படி ஒரு வரியைச் சேருங்கள். குறைந்த உரிமையுள்ள பயனருக்கு இன்னொன்றும் நேரும். தரவுத்தளத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும், "அப்படி ஒன்று இல்லை" என்ற 1049 வராது, "உமக்கு அனுமதி இல்லை" என்ற 1044தான் வரும். அனுமதியைத் திரும்பக் கொடுப்பதற்கு முன் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

எழுதுதல்: கமிட்டை மறந்த ஒரு விடியற்காலை

ஒரு வரியைச் சேர்க்க, இன்சர்ட் கட்டளையில் மதிப்புகள் வர வேண்டிய ஐந்து இடங்களிலும் விழுக்காட்டுக் குறியும் எஸ் என்ற சிற்றெழுத்தும் சேர்ந்த இடங்காட்டியை வைத்து, மதிப்புகளைத் தனியே ஒரு டியூப்பிளாக எக்ஸிக்யூட்டுக்குக் கொடுக்க வேண்டும். எஸ்க்யூலைட்டில் அந்த இடத்தில் கேள்விக்குறி வரும். மதிப்புகளைச் சரத்தோடு சரமாக ஒட்டிக் கட்டளையை உருவாக்கும் வழக்கம் வேண்டாம். பாதுகாப்புக் காரணம் எல்லாரும் சொல்வது. எங்கள் கரையில் அதற்கு முன்பே வேறு காரணம் வந்து நிற்கும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துப் படகுகளில் புனிதர்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். செயின்ட் ஆண்டனி'ஸ் என்று ஒரு படகு வந்துவிட்டால், அந்த ஒற்றை மேற்கோள் குறி கட்டளையை நடுவிலேயே முடித்துவிடும். 1064 என்ற இலக்கணப் பிழையோடு நிரல் நிற்கும். இடங்காட்டி வைத்தால் எந்தப் பெயரும் பெயராகவே போய்ச் சேரும். மதிப்பு ஒன்றே ஒன்று என்றால், டியூப்பிளாக அமைய அதன் பின் ஒரு காற்புள்ளி இட மறக்காதீர்கள்.

எக்ஸிக்யூட் செய்தவுடன் வரி சேமிக்கப்பட்டுவிட்டது என்று நினைப்பது இயல்பு. நானும் நினைத்தேன். ஒரு கொள்முதல் கொட்டகைக்காக நான் எழுதிய முதல் நிரல் விடியற்காலை நான்கு மணி முதல் ஒழுங்காக வேலை செய்தது. ஒவ்வொரு வரியும் ஏறியதும் மொத்த எடை திரையில் கூடிக்கொண்டே வந்தது. ஆறு மணிக்கு மின்சாரம் போனது. திரும்ப வந்ததும் நிரலைத் திறந்தால் அட்டவணை வெறுமையாக இருந்தது. நல்லவேளையாக, கணக்கு எழுதும் தம்பி என்னை முழுதாக நம்பாமல் தாளிலும் எழுதிவைத்திருந்தார். ஐஸ் தண்ணீரில் நனைந்த அந்தத் தாள்களைப் பார்த்து இருவரும் உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம்.

குறை என்னுடையது. பெப் 249இன்படி இணைப்பு தொடங்கும்போது தானியங்கிக் கமிட் அணைந்தே இருக்கும். நாம் செய்யும் மாற்றங்கள் ஒரு பரிவர்த்தனைக்குள் (ஒன்றாக ஏற்கப்படும் அல்லது ஒன்றாகக் கைவிடப்படும் தொகுதிக்குள்) திரள்கின்றன; அதே இணைப்பின் வழியே பார்த்தால் அவை தெரியும், மற்ற இணைப்புகளுக்குத் தெரியா; இணைப்பு கமிட் சொல்லாமல் அறுந்தால் அனைத்தும் திரும்பப் பெறப்படும். எனவே ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் பின் இணைப்பு புள்ளி கமிட் என்று எழுதுங்கள். கமிட் என்பது கர்சரின் வேலையன்று, இணைப்பின் வேலை. கமிட் முடிந்த வரியை, வழக்கமான அமைப்பில் உள்ள இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதி), அடுத்த நொடியே மின்சாரம் போனாலும் மீட்டெடுத்துவிடும். நூறு வரிகளைச் சேர்த்து ஒரே கமிட்டாகச் செய்தால் வேகம் கூடும் என்பது உண்மைதான். ஏலத்தின் வேகத்தில் எழுதும் கணக்குக்கு அந்த வேகம் தேவையில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. உரிமையாளர் பார்ப்பதற்காக இன்னொரு கணினியில் மொத்தத்தை நிமிடத்துக்கு ஒரு முறை படித்துக் காட்டும் நிரலை ஓட விட்டால், முதல் மொத்தத்திலேயே அது உறைந்து நிற்கும். கமிட் சரியாக நடந்துகொண்டிருக்கும், தரவுத்தளத்தில் வரிகள் ஏறியிருக்கும், ஆனாலும் திரை நகராது. இன்னோடிபி ஒரு பரிவர்த்தனையின் முதல் வாசிப்பின்போது இருந்த நிலையைப் படம் பிடித்துக்கொண்டு, அந்தப் பரிவர்த்தனை முடியும்வரை அதையே காட்டும். படிப்பதும் பரிவர்த்தனைதான் என்பதை மறந்துவிடுகிறோம். படிக்க மட்டும் ஓடும் நிரலில், கனெக்ட்டுக்கு ஆட்டோகமிட் ட்ரூ என்று ஒரு மதிப்பைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் இது தீரும்.

தமிழ்ப் பெயர்கள்

கீழக்கரை என்ற சொல்லில் நாம் ஐந்து எழுத்துகளை எண்ணுகிறோம். பைதானின் லென் எட்டு என்று சொல்லும். யூடிஎஃப்-8இல் அது 24 பைட்டுகள். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதே காரணம். வார்கார் வகைக்குக் கொடுக்கும் அளவும் இந்தக் குறியீடுகளைத்தான் எண்ணுகிறது. ஆகையால் தமிழ்ப் பெயர்களுக்குக் கண்ணால் எண்ணியதைப் போல இரண்டு மடங்கு இடம் விடுங்கள். அட்டவணை பழைய லத்தீன்1 வகையில் உருவாகியிருந்தால், கண்டிப்பான அமைப்பில் 1366 என்ற பிழை வரும். தளர்வான அமைப்பில் பிழை வராமல், ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகப் பதிந்துவிடும். அப்படிப் பதிந்ததை மீட்க வழியில்லை என்பதால், முதல் நாளே ஒரு தமிழ்ப் பெயரை எழுதி, படித்து, சரிபார்த்துவிடுங்கள்.

தொண்டி என்ற ஊர் இன்னொரு பாடம் கற்றுத்தரும். தொ என்ற எழுத்தை, த என்பதோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம். முன்னால் வரும் ஒற்றைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் இரண்டு குறியீடுகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைதானில் ஒப்பிட்டால் இரண்டும் வேறு. ஊர் வாரியாகக் கூட்டும் டிக்ஷனரியில் தொண்டி இரண்டு முறை வந்து நிற்கும். யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் செயற்கூறை என்எஃப்சி என்ற வடிவத்தோடு அழைத்து, தரவுத்தளத்துக்குள் போகும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் ஒருமுகப்படுத்திவிடுங்கள்.

இரவு முழுதும் திறந்திருக்கும் நிரல்

படகுகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கடலுக்குப் போகும் கரையில், கணக்கு நிரலைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போவது வழக்கம். மைஎஸ்க்யூஎல்லின் வெயிட் டைம்அவுட் வழக்கமாக 28,800 நொடி, அதாவது எட்டு மணி நேரம். அவ்வளவு நேரம் பேச்சற்றுக் கிடக்கும் இணைப்பை சர்வர் அறுத்துவிடும். மறுநாள் முதல் வரியை எழுதும்போது 2006, 2013 போன்ற எண்ணோடு ஒரு பிழை வரும். அந்த எட்டு மணி நேரத்தை எட்டு நாளாக உயர்த்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒவ்வொரு வரியையும் எழுதும்போது இணைப்பைத் திறந்து, எழுதி, கமிட் செய்து, மூடிவிடலாம். அல்லது எழுதுவதற்கு முன் இணைப்பின் பிங் செயற்கூறை ரீகனெக்ட் ட்ரூ என்ற மதிப்போடு அழைக்கலாம். இவ்வளவு சிறிய வேலைக்கு முதல் வழியே எளிது.

எடை போடும் இடத்திலிருந்து இணைதல்

ஜெட்டியில் உள்ள மடிக்கணினியும் கணக்கு அறைக் கணினியும் ஒரே வைஃபை ரவுட்டரில் இருந்தால் போதும், இணைய வசதி தேவையில்லை. மடிக்கணினியின் நிரலில் ஹோஸ்ட் என்ற இடத்தில் கணக்கு அறைக் கணினியின் உள்முகவரியை, உதாரணமாக 192.168.1.7 என்று எழுதுங்கள். அந்த முகவரி நாளுக்கு நாள் மாறாதபடி ரவுட்டரில் நிலைப்படுத்திவிடுங்கள். இப்போது வரக்கூடிய பிழைகளும் வரிசையாகவே வரும். காத்திருந்து நேரம் கடந்துபோனால் பெரும்பாலும் ஃபயர்வால் தடுக்கிறது. 3306ஐ வைஃபை வட்டத்துக்கு மட்டும் திறக்க வேண்டும். உடனே மறுத்தால் சர்வர் வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் காது கொடுக்கவில்லை. உபுண்டுவில் பைண்ட்-அட்ரஸ் (சர்வர் எந்த முகவரியில் காது கொடுக்க வேண்டும் என்ற அமைப்பு) 127.0.0.1 என்று இருப்பதே காரணம், அதைக் கணக்கு அறைக் கணினியின் உள்முகவரியாக மாற்றி சர்வரைத் திரும்பத் தொடங்க வேண்டும். அப்படி மாற்றினால் அதே கணினியில் ஓடும் நிரலிலும் 127.0.0.1க்குப் பதில் அந்த முகவரியையே எழுத வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1130 வந்தால் சர்வர் கேட்டுவிட்டது, ஆனால் அந்த முகவரியிலிருந்து வரும் எவரையும் அது அறியாது. முன்பு உருவாக்கியவர் கணக்கர் அட் லோக்கல்ஹோஸ்ட் மட்டுமே; கணக்கர் அட் 192.168.1.% என்று இன்னொருவரை உருவாக்கி அதே உரிமைகளைக் கொடுத்தால் மடிக்கணினி உள்ளே வரும். இடத்தைக் குறிக்கும் பகுதியில் வெறும் விழுக்காட்டுக் குறியை மட்டும் வைத்து உலகத்துக்கே திறந்துவிட வேண்டாம். ரவுட்டரில் 3306ஐ இணையத்துக்குத் திறந்துவிடவும் வேண்டாம்.

கணக்கு ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே, மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற கட்டளையால் மீன்கணக்கை ஒரு கோப்பாக எடுத்து, தேதியைப் பெயரில் சேர்த்து, ஒவ்வொரு நாளும் கொட்டகையை மூடும்போது பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். முதல் வாரத்திலேயே ஒரு முறை, அந்தக் கோப்பை வேறொரு கணினியில் ஏற்றி, கணக்கர் பயனரை அங்கும் உருவாக்கி, நிரலின் ஹோஸ்ட் மதிப்பை மட்டும் அந்தக் கணினிக்கு மாற்றி, படகு வாரியான மொத்தம் அதே எண்ணில் வருகிறதா என்று பாருங்கள்.